சிப்பின் குறையா, கட்டுரையின் குற்றமா? மைஃபேர் கிளாசிக் நிகழ்வு ஆய்வு

2008 ஜூலை 18 அன்று நெதர்லாந்தின் ஆர்னெம் நகர நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. என்எக்ஸ்பி என்ற சிப் நிறுவனம், பக்கத்து நகரமான நைமேகனில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்த வழக்கு அது. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பயண அட்டைகளிலும் நுழைவு அட்டைகளிலும் இருக்கும் தங்கள் மைஃபேர் கிளாசிக் சிப்பைப் பற்றி அங்கே எழுதப்பட்டிருக்கும் ஆய்வுக் கட்டுரை வெளிவரக் கூடாது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் அது கட்டுரையால் வருவதல்ல, குறையுள்ள ஒரு சிப்பைத் தயாரித்து விற்றதால் வருவது என்று தீர்ப்பில் எழுதியது.

கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களிடம் இந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டால், "அந்த கார்டை உடைத்தார்களே" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உடைத்தது பாதிக் கதை. உடைத்த பிறகு முதலில் யாரிடம் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் கையில் வைத்துக்கொண்டார்கள், அந்த விவரம் அவர்கள் கைக்கு எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் மீதிப் பாதி. என் கணிப்பில் அந்த மீதிப் பாதிதான் பல்கலைக்கழகங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. ஏனென்றால் இதே குழுவைச் சேர்ந்தவர்கள் 5 வருடம் கழித்து இதே மாதிரி இன்னொரு ஆய்வைச் செய்தார்கள். அப்போது லண்டன் நீதிமன்றம் தடை போட்டது.

சிப் எப்படிப்பட்டது

மைஃபேர் கிளாசிக் 1990-களின் நடுவில் சந்தைக்கு வந்த தொடர்பில்லா அட்டை. அட்டையை வாசிக்கும் கருவியான ரீடரின் அருகே காட்டினால் போதும், ரீடர் பரப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்யும். பேட்டரி கிடையாது. விலை குறைவு. லண்டனின் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு, பாஸ்டனின் சார்லி கார்டு, நெதர்லாந்து முழுக்கப் பேருந்துக்கும் ரயிலுக்கும் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்த ஓவி-சிப்கார்ட் எல்லாவற்றிலும் இந்தச் சிப்தான் இருந்தது. அலுவலகக் கதவுகளிலும் இதுவே. டச்சு அரசுக் கட்டடங்களின் நுழைவு அட்டைகள் பலவற்றிலும் இதுவே. உலகெங்கும் சுமார் 100 கோடி அட்டைகள் விற்றிருப்பதாக அப்போது கணக்குச் சொல்லப்பட்டது.

1 கிலோபைட் அட்டையை எடுத்துக்கொண்டால், உள்ளே 16 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரகசியச் சாவிகள், ஒவ்வொரு சாவியும் 48 பிட் நீளம். ரீடரும் அட்டையும் ஒன்றையொன்று சோதித்து, "உன்னிடமும் அதே சாவி இருக்கிறது" என்று உறுதி செய்த பிறகுதான் தரவு கைமாறும். இந்தச் சோதனைக்கும், அதன் பிறகு தரவை மறைத்து அனுப்பும் குறியாக்கத்துக்கும் பயன்பட்ட முறையின் பெயர் கிரிப்டோ-1. அது எப்படி வேலை செய்கிறது என்பதை நிறுவனம் வெளியிடவே இல்லை.

குறியாக்க முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், அப்படித்தான் ஒரு முறையை வடிவமைக்க வேண்டும் என்று 1883-இலேயே எழுதி வைத்தவர் அகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ். அவர் பிறந்தது நெதர்லாந்தில். அவர் சொன்னதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்ட ஒன்றின் குறை 125 வருடம் கழித்து அதே நாட்டில் அம்பலமானது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெர்லினில் விழுந்த முதல் அடி

2007 டிசம்பர் இறுதியில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் என்ற ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளோட்ஸ் இருவரும் மேடையேறினார்கள். நோல் அப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். அவர்கள் அட்டையின் பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைத்து சிப்பை வெளியே எடுத்தார்கள். அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து நீக்கி, ஒவ்வொரு அடுக்கையும் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். ஒரு சிப்பில் உள்ள ஆயிரக்கணக்கான லாஜிக் கேட்டுகள் (கணக்கிடும் சின்னஞ்சிறு சுற்றுகள்) சில டஜன் அச்சுகளின் பிரதிகள்தான். அந்த அச்சுகளை அடையாளம் கண்டுவிட்டால், மீதியைப் படங்களை ஒப்பிடும் மென்பொருள் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். இப்படி கிரிப்டோ-1 இன் பெரும் பகுதி வெளியே தெரிந்தது. ஆனால் மேடையில் அவர்கள் முழுதையும் சொல்லவில்லை. சோதனையின்போது அட்டை அனுப்பும், யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டிய ரேண்டம் எண் மிக பலவீனமானது என்பதை மட்டும் எல்லோருக்கும் புரியும்படி காட்டினார்கள்.

ஓவி-சிப்கார்ட்டை நடத்திய ட்ரான்ஸ்லிங்க் நிறுவனம் டிஎன்ஓ என்ற ஆராய்ச்சி அமைப்பிடம் இதை மதிப்பிடச் சொன்னது. இதை உடைக்கச் செலவும் உழைப்பும் அதிகம், மோசடிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது என்ற தொனியில் பதில் வந்தது. அந்த மதிப்பீட்டின் ஆயுள் சில வாரங்கள்தான். தாக்குதலின் செலவை வைத்துப் பாதுகாப்பை எடைபோடுவதில் உள்ள சிக்கலே இதுதான்: முதல் ஆளுக்கு ஆகிற செலவு இரண்டாவது ஆளுக்கு ஆகாது. ஒருவர் அசிட்டோனும் நுண்ணோக்கியும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடுவார். அடுத்தவர் ஒரு மடிக்கணினியில் நிரலை ஓட்டுவார்.

நைமேகனில் நடந்தது

ராட்பவுட் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் பாதுகாப்புக் குழுவைப் பேராசிரியர் பார்ட் யாகோப்ஸ் நடத்திவந்தார். கட்டுரையில் பெயர் போட்டவர்கள் 7 பேர்: ஃப்ளாவியோ கார்சியா, கெர்ஹார்ட் டி கோனிங் கான்ஸ், ரூபன் மௌரர்ஸ், பீட்டர் வான் ரோசம், ரூல் வெர்டுல்ட், ரோனி விகர்ஸ் ஸ்ரூர், யாகோப்ஸ். இதில் சிலர் அப்போது மாணவர்கள். 2008 ஜனவரியிலேயே வெர்டுல்ட், தான் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னக் கருவியால் ஒருமுறைப் பயண அட்டையைப் போலி செய்து காட்டியிருந்தார். அந்த அட்டை மைஃபேர் அல்ட்ராலைட். அதில் குறியாக்கமே கிடையாது. கிளாசிக் அப்படியல்ல, அதில் பூட்டு இருந்தது.

இந்தக் குழு சிப்பை வெட்டிப் பார்க்கவில்லை. அட்டைக்கும் ரீடருக்கும் நடுவே காற்றில் போகும் பேச்சைப் பதிவு செய்தார்கள். தாங்களே அட்டையாக நடித்து ரீடரிடம் பேசினார்கள், ரீடராக நடித்து அட்டையிடம் பேசினார்கள். ஒரு பிட்டை மாற்றினால் பதிலில் எந்த பிட் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து, உள்ளே இருக்கும் இயந்திரத்தின் வடிவத்தை வெளியிலிருந்தே வரைந்தார்கள். பெர்லின் மேடையில் சொல்லப்பட்ட துப்புகள் கைகொடுத்தன. பிற்பாடு இந்த வழிதான் வழக்கில் பெரிய விஷயமாகப் போகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கடையில் கிடைக்கும் பொருளை வாங்கி, அது வெளியே காட்டும் நடத்தையிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்தார்கள். யாருடைய ரகசிய ஆவணமும் இதில் இல்லை.

அவர்கள் கண்டதில் சிலவற்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில் ரேண்டம் எண். சோதனை ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அட்டை 32 பிட் எண் ஒன்றை அனுப்பும். எண் 32 பிட்தான், ஆனால் அதை உருவாக்கும் இயந்திரத்தின் உள்நிலை 16 பிட். ஆகவே வரக்கூடிய எண்கள் 65,535 மட்டுமே. சுமார் 0.6 விநாடியில் ஒரு சுற்று முடிந்து மறுபடி அதே வரிசை தொடங்கிவிடும். அதைவிட மோசம், மின்சாரம் வந்ததும் இயந்திரம் எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும். மின்சாரம் கொடுத்துச் சரியாக இத்தனை மைக்ரோவிநாடி கழித்துக் கேட்டால் இந்த எண்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்புறம் அது என்ன ரேண்டம்?

அடுத்தது குறியாக்கத்தின் இதயம். 48 பிட்டுகள் வரிசையாக நிற்கும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். ஒவ்வொரு அடியிலும் வரிசை ஒரு இடம் நகரும், இடது ஓரத்து பிட் விழும், வலது ஓரத்தில் புதியது சேரும். ஒரு வடிகட்டிச் சார்பு இந்த வரிசையிலிருந்து 20 பிட்டுகளை எடுத்து ஒரு வெளியீட்டு பிட்டைத் தரும். அந்த வெளியீடுகளோடு கலந்துதான் தரவு மறைக்கப்படுகிறது. 48 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதென்றால் சுமார் 281 லட்சம் கோடி வாய்ப்புகள். ஆனால் அந்த 20 பிட்டுகளும் ஒற்றைப்படை இடங்களிலிருந்து மட்டுமே வந்தன. வரிசை ஒரு இடம் நகரும்போது ஒற்றைப்படை இடத்தில் இருந்தவை இரட்டைப்படைக்குப் போய்விடும், அடுத்த அடியில் திரும்ப வந்துவிடும். அதாவது வெளியீட்டில் ஒன்றுவிட்டு ஒன்று வரும் பிட்டுகள் வரிசையின் ஒரு பாதியை மட்டும் சார்ந்தவை. மற்றவை மறு பாதியை மட்டும் சார்ந்தவை. இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத் தேடி, கடைசியில் ஒன்றோடொன்று பொருந்துகிறவற்றைச் சேர்த்தால் போதும். 20 பிட் என்றால் வாய்ப்புகள் சுமார் 10 லட்சத்திலிருந்து தொடங்கும். சாதாரணக் கணினிக்கு அது ஒரு விநாடி வேலைகூட இல்லை.

உள்நிலை, அதாவது அந்த நேரத்தில் வரிசையில் நிற்கும் 48 பிட்டுகள், கிடைத்தால் சாவியும் கிடைத்ததாகிவிடுமா? இங்கே மூன்றாவது குறை வந்து உதவியது. வரிசையின் இடது ஓரத்து பிட்டுகளை வடிகட்டி தொடுவதே இல்லை. அதனால் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுற்ற முடிந்தது. அடி அடியாகப் பின்னால் போனால், எல்லாம் தொடங்கிய இடத்தில் இருப்பது சாவி, அப்படியே.

இதற்கெல்லாம் கொஞ்சம் வெளியீட்டு பிட்டுகள் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதைக் கொடுத்தது ரீடர். சாவி தெரியாத ஒரு போலி அட்டை ரீடரின் முன் போய் ஓர் எண்ணை அனுப்பும். ரீடர் தன் பதிலைக் குறியாக்கம் செய்து அனுப்பும். போலி அட்டைக்கு அதன் பிறகு என்ன சொல்வதென்று தெரியாது, பேசாமல் இருந்துவிடும். கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கும் ரீடர், "சரி, நிறுத்து" என்று பொருள்படும் கட்டளையை அனுப்பும், அதையும் குறியாக்கம் செய்தே அனுப்பும். அந்தக் கட்டளை என்ன என்பது தரநிலையில் எல்லோருக்கும் தெரிந்தது. பதிலின் ஒரு பகுதியும் போலி அட்டை தானே அனுப்பிய எண்ணிலிருந்து கணக்கிடக்கூடியது. தெரிந்ததைக் கழித்தால் 64 வெளியீட்டு பிட்டுகள் கையில் வந்துவிடும். பெரும்பாலான ரீடர்கள் இப்படித்தான் நடந்துகொண்டன. கதவின் ரீடரிடம் ஓரிரு முறை இப்படிக் கேட்டாலே அந்தக் கட்டடத்தின் சாவி கிடைத்தது. அப்புறம் ஓர் ஊழியரின் அருகே நின்று அவருடைய அட்டையை வாசித்துப் போலி செய்யலாம்.

இந்தக் குறைகளில் ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் ஏதோ சமாளித்திருக்கலாம். வெளியே காட்டியிருந்தால் துறையில் பழகிய எவரும் ஒற்றைப்படை இடங்களைப் பார்த்ததுமே கை நீட்டிக் காட்டியிருப்பார்கள். முறையை மூடி வைத்ததால் எதிரிகள் தாமதமானார்கள் என்பது உண்மை. திருத்தக்கூடிய நண்பர்களும் சேர்ந்தே வெளியில் நின்றார்கள்.

மார்ச் 7 முதல் 12 வரை

இந்த ஆறு நாட்களை நான் மிகவும் மதிக்கிறேன். 2008 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. தாக்குதல் வேலை செய்கிறது என்று உறுதியானதும் பல்கலைக்கழகம் முதலில் சொன்னது அரசுக்கு. காரணம் தெளிவு: அரசுக் கட்டடங்களின் கதவுகள் இந்தச் சிப்பை நம்பி நின்றன. மறுநாள் சனிக்கிழமையே உளவுத்துறையின் கீழ் இயங்கும் தகவல் பாதுகாப்பு நிபுணர்கள் நைமேகனுக்கு வந்து பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்எக்ஸ்பிக்கும், திங்கட்கிழமை ட்ரான்ஸ்லிங்க்குக்கும் தகவல் போனது. மார்ச் 12 அன்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே நாளில் பல்கலைக்கழகமும் பொதுவில் அறிவித்தது.

அறிவித்தது எதை? குறை இருக்கிறது, அட்டையைப் போலி செய்ய முடியும், கதவைத் திறந்து காட்டும் காணொளி இது, அவ்வளவுதான். கிரிப்டோ-1 இன் விவரம், சாவியை எடுக்கும் வழி எதுவும் அதில் இல்லை. கட்டடங்களில் காவலர்களை நிறுத்தி அட்டையைக் கண்ணால் பார்த்து உள்ளே விடுவது போன்ற ஏற்பாடுகளை உடனே செய்யலாம். அதற்கு அல்காரிதம், அதாவது குறியாக்க முறையின் விவரம், தெரிய வேண்டியதில்லை. ஆபத்து இருப்பது தெரிந்தால் போதும். அந்தத் தகவலை உடனே கொடுத்தார்கள், மற்றதை அக்டோபரில் ஒரு மாநாட்டில் வெளியிட வைத்துக்கொண்டார்கள். நடுவில் சுமார் 7 மாதம்.

7 மாதம் போதுமா என்ற கேள்வி நியாயமானது. மென்பொருள் குறையென்றால் ஒரு திருத்தம் அனுப்பிச் சரிசெய்யலாம். இங்கே கதவுகளின் ரீடர்களையும் மக்கள் சட்டைப்பையில் இருக்கும் அட்டைகளையும் மாற்றியாக வேண்டும். ஒரு நாட்டின் போக்குவரத்து அட்டைகளை 7 மாதத்தில் மாற்றிவிட முடியாது, ஆய்வாளர்களுக்கும் அது தெரியும். ஆனால் அதற்காக 5 வருடம் பொறுக்கலாமா? அந்த 5 வருடமும் அதே சிப் புதிய கதவுகளில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். ஏற்கெனவே விற்ற அட்டைகளைக் காப்பாற்ற நேரம் கொடுப்பதும், இனி விற்கப்போவதைத் தடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் தேவைகள். முழு மௌனம் முதலாவதைக் காப்பாற்றுவது போலத் தோன்றி இரண்டாவதைக் கெடுக்கும். நைமேகன் எடுத்தது நடுவழி. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாதையில் அவர்கள் மட்டும் நடக்கவில்லை. 2008 ஏப்ரலில் லண்டனில் யூசிஎல் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா கூர்துவாவும் நோலும் இன்னொருவரும் இயற்கணித முறையில் கிரிப்டோ-1 ஐ 200 விநாடியில் உடைக்க முடியும் என்று அறிவித்தார்கள். நெதர்லாந்து அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் டிஎன்ஓ அறிக்கையைப் பரிசீலித்த லண்டன் ராயல் ஹாலோவே குழு, மாற்று அட்டைக்குத் தயாராகும்படி சொன்னது. நைமேகன் வாயை மூடியிருந்தாலும் விஷயம் மூடியிருக்காது.

ஆர்னெம்

கட்டுரை ஸ்பெயினின் மாலகாவில் அக்டோபரில் நடக்கவிருந்த எஸோரிக்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்கு ஏற்கப்பட்டிருந்தது. கோடையில் என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. அவர்கள் வாதம் இரண்டு தடத்தில் போனது. ஒன்று, கிரிப்டோ-1 எங்கள் படைப்பு, அதன் மீது எங்களுக்குப் படைப்புரிமைச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மற்றொன்று, இதை வெளியிடுவது பொறுப்பற்ற செயல், இந்த அட்டையை நம்பியிருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

பல்கலைக்கழகம் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 10-ஆவது பிரிவை, அதாவது கருத்துச் சுதந்திரத்தைப் பிடித்துக்கொண்டது. நீதிமன்றம் அதன் வழியே போனது. ஒரு ஜனநாயக சமூகத்தில் ஆய்வு முடிவுகள் வெளிவருவது பொது நலன். அதைத் தடுக்க வேண்டுமென்றால் தடை அவசியம் என்று காட்ட வேண்டும். சிப்பில் குறை இருக்கிறது என்று சமூகம் தெரிந்துகொள்வதற்கு மதிப்பு உண்டு. ஆய்வாளர்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்து நிதானமாக நடந்திருக்கிறார்கள். படைப்புரிமை வாதம் எடுபடவில்லை.

கட்டுரை அக்டோபரில் வெளிவந்தது. அதே மாதம் பெர்லினில் ப்ளோட்ஸின் பட்ட ஆய்வேடும் முறையின் முழு விவரத்தோடு வந்தது. ஆர்னெம் தடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஒரு நகரத்தில் தடை போட்டே பார்த்தார்கள். அதே 2008 ஆகஸ்டில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மூன்று இளநிலை மாணவர்கள் பாஸ்டன் பயணச் சீட்டுகளின் குறைகளை டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பேசவிருந்தார்கள். போக்குவரத்து ஆணையம் பேச்சுக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 9 அன்று, தற்காலிகத் தடை வாங்கியது. மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த குறுந்தட்டில் அவர்களுடைய காட்சிப் படங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆணையம் தன் மனுவோடு இணைத்த மாணவர்களின் ரகசிய அறிக்கையும் பொது ஆவணமாகிவிட்டது. ஆகஸ்ட் 19 அன்று இன்னொரு நீதிபதி தடையை நீக்கினார். மாணவர்களுக்கும் ஆணையத்துக்கும் முன்கூட்டியே போதிய பேச்சு நடக்கவில்லை என்பதுதான் நைமேகனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. பேச்சு இருந்திருந்தால் அவசரத் தடை கேட்க இடமே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

2013, லண்டன்

இப்போது கசப்பான பகுதி. கார்சியா அதற்குள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். வெர்டுல்டும் பாரிஷ் எகேவும் நைமேகனில். மூவரும் மெகாமோஸ் கிரிப்டோ என்ற சிப்பை ஆராய்ந்தார்கள். கார்ச் சாவிக்குள் இருந்து, "இது அசல் சாவி" என்று இன்ஜினுக்குச் சொல்லும் சிப் அது. 96 பிட் சாவி. குறைகளைக் கண்டார்கள். 2012 நவம்பரில் சிப் தயாரிப்பாளருக்குச் சொன்னார்கள். 2013 ஆகஸ்டில் யூஸ்னிக்ஸ் என்ற பாதுகாப்பு மாநாட்டில் வெளியீடு என்று இருந்தது. இடையில் 9 மாதம், மைஃபேர் விஷயத்தைவிட அதிகம்.

அந்தச் சிப்பைத் தன் கார்களில் பயன்படுத்திய ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றம் போனது. 2013 ஜூன் 25 அன்று நீதிபதி பர்ஸ் இடைக்காலத் தடை போட்டார். கருத்துச் சுதந்திரத்தை அவர் ஒதுக்கவில்லை. அதை எடைபோட்டார், எடை மறுபக்கம் சாய்ந்தது. சாய்த்தது ஒரு விவரம். இந்த முறை அல்காரிதத்தை ஆய்வாளர்கள் சிப்பின் நடத்தையிலிருந்து எடுக்கவில்லை. டாங்கோ புரோகிராமர் என்ற, கார்ச் சாவி செய்கிறவர்களுக்காக விற்கப்பட்ட கருவியின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து எடுத்தார்கள். அந்தக் கருவி 2009-இலிருந்து இணையத்தில் கிடைத்தது. ஆனால் அதை விற்றவருக்கு அல்காரிதம் எங்கிருந்து கிடைத்தது? சிப்பை வெட்டிப் பார்த்தாரா, திருட்டு வழியில் வாங்கினாரா? தெளிவில்லை. அதன் மூலம் சந்தேகத்துக்குரியது, ஆய்வாளர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிபதி கருதினார். சிப்பை வெட்டி எடுத்திருந்தால் வழக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதில் எனக்கு நீதிபதியின் முடிவோடு உடன்பாடு இல்லை. கார்களின் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றாமல் அந்தக் குறை தீராது. தடையால் ஒரு காரும் பத்திரமாகவில்லை. திருட நினைக்கிறவன் டாங்கோ புரோகிராமரை விலை கொடுத்து வாங்கலாம், பேராசிரியர் மட்டும் அதைப் பற்றி எழுதக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் என் உடன்பாடின்மையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், ஆய்வு தொடங்கும்போதே ஒரு துறைத் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி இதில் கிடைக்கிறது: இந்த விவரம் நம் கைக்கு எந்த வழியாக வருகிறது? அந்த வழியை நீதிமன்றத்தில் நாளைக்கு நாள் வாரியாக, ஆய்வகக் குறிப்பேட்டோடு காட்ட முடியுமா? மைஃபேர் குழுவால் காட்ட முடிந்தது. மூன்றாவது ஒருவரின் மென்பொருள் நடுவில் வந்ததும் அந்த நூல் அறுந்துவிட்டது. சுற்றுவழி சீக்கிரமானது, மலிவானது. நேர்வழியின் செலவைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஆராய்ச்சி நிதியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சில பகுதிகளை நீக்கிவிட்டு வெளியிடுங்கள் என்ற யோசனையும் வந்தது. ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அல்காரிதம் இல்லாத கட்டுரையை யாரும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததை ஏற்றுக்கொள்ளச் சொல்வது ஆய்வே அல்ல என்ற அவர்கள் நிலைப்பாடு எனக்குப் புரிகிறது. 2 வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2015 ஆகஸ்டில், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு கட்டுரை வெளிவந்தது.

பிறகு என்ன நடந்தது

2009 மே மாதம் நைமேகன் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. ரீடர் பக்கமே போகாமல், அட்டையை மட்டும் வைத்தே சாவியை எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதற்குக் கைகொடுத்தது பாரிட்டி பிட். ஒவ்வொரு பைட்டுக்கும் பின்னால் பிழை கண்டுபிடிக்க ஒரு பிட் சேரும். மைஃபேர் அதை மறைக்காத தரவிலிருந்து கணக்கிட்டு, அடுத்த தரவு பிட்டை மறைக்கப் பயன்படும் அதே வெளியீட்டு பிட்டால் மறைத்தது. ஒரே மறைப்பு பிட்டை இரண்டு முறை பயன்படுத்துவது இந்தத் துறையின் பழைய பாவம். போதாததற்கு, பதில் தவறாக இருந்தாலும் பாரிட்டி எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், அட்டை ஒரு பிழைச் செய்தியைக் குறியாக்கம் செய்து திருப்பி அனுப்பியது. 256-இல் ஒரு முறை அப்படி அமையும். ஒவ்வொரு முறையும் 4 பிட் கசியும். "யாரோ நடுவில் நின்று கேட்டால் தெரிந்துவிடாதா" என்று சொல்லிக்கொண்டிருந்த, இந்த அட்டை அமைப்புகளை நடத்தியவர்களுக்கு அதன் பிறகு சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

லண்டன் ஆய்ஸ்டர் கார்டு 2010 வாக்கில் டெஸ்ஃபயர் என்ற வலுவான சிப்புக்கு மாறியது. என்எக்ஸ்பியே ஏஇஎஸ் என்ற, எல்லோருக்கும் தெரிந்த 128 பிட் குறியாக்க முறை கொண்ட மைஃபேர் பிளஸ்ஸைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 2013 ஜனவரியில், குறை கண்டவர் எப்படிச் சொல்ல வேண்டும், சொல்லப்பட்ட நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மைஃபேர் விவகாரத்தை அந்த நாடு கண்ணெதிரே பார்த்திருந்தது என்பதை மறந்துவிட்டு அந்த வழிகாட்டியைப் படிக்க முடியாது.

பழைய சிப்பை ஒட்டுப்போட்டு ஓட்டும் முயற்சியும் நடந்தது. ரேண்டம் எண்ணைச் சரிசெய்து, பிழைச் செய்தியை நிறுத்தி, "வலுவூட்டிய" கிளாசிக் அட்டைகள் வந்தன. 2015-இல் கார்லோ மேயரும் வெர்டுல்டும் அவற்றையும் உடைத்தார்கள். வடிகட்டியும் 48 பிட் சாவியும் அப்படியே இருக்கும்போது சுற்றியுள்ளதைத் திருத்தி என்ன பயன்? 2024 ஆகஸ்டில் பிரான்சின் குவார்க்ஸ்லாப் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிலிப் டியுவன், கிளாசிக்குக்கு இணக்கமாக ஷாங்காய் ஃபூடான் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் தயாரித்த சிப்பில், எல்லா அட்டைகளுக்கும் பொதுவான ஒரு பின்கதவுச் சாவியைக் கண்டுபிடித்து வெளியிட்டார். தங்கள் கதவில் இருப்பது எந்தச் சிப் என்று பலருக்கும் தெரியாது என்பதால்தான் அது செய்தியானது. கட்டடப் பொறுப்பில் இருக்கும் யாரும் இன்றே செய்யக்கூடிய வேலை இது: ஓர் அட்டையை எடுத்து, கைபேசியில் இருக்கும், இத்தகைய அட்டைகளை வாசிக்கும் என்எஃப்சி செயலியால் அதன் சிப் வகையைப் பார்ப்பது. கிளாசிக் என்று வந்தால், ரீடர்கள் டெஸ்ஃபயரையும் ஏற்குமா என்று அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்பது. பல ரீடர்கள் ஏற்கும், அமைப்பைத்தான் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.